மடியளவு நாயும் மனநலப் பணியும்: மதுரைச் சமவெளியை முன்வைத்து

கேள்வியின் எல்லை

மனநோயோடு வாழும் ஒருவருக்குத் துணையாகப் பயிற்றுவிக்கப்படும் நாய் எந்த இனத்தைச் சேர்ந்ததாக, எவ்வளவு பெரியதாக இருக்கவேண்டும்? இந்தக் கேள்விக்கு இன்று கிடைக்கும் விடைகளில் பெரும்பாலானவை அமெரிக்க வாழ்க்கையிலிருந்து எழுந்தவை. தனியாக வசிக்கும் ஒருவர், காரில் பயணம், குளிரூட்டிய பேரங்காடி, நாயை உள்ளே விடச் சட்டப்படி கட்டுப்பட்ட கடைக்காரர் ஆகிய எல்லாம் அங்கே முன்கூட்டியே அமைந்திருக்கின்றன. அந்தச் சூழலில் லாப்ரடாரும் கோல்டன் ரெட்ரீவரும் முதலிடம் பெறுவதும், வீடு சிறியது என்றால் மட்டும் சிற்றினங்களைப் பற்றி யோசிப்பதும் இயல்பு. மதுரை மாநகரிலும் அதைச் சுற்றியுள்ள மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பகுதிகளிலும் இதே வரிசை பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பொருந்தாது என்பது என் முடிவு. இங்கே சிறிய நாய்க்குக் கூடுதலான நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் இனத்தின் பெயரிலிருந்து பிறப்பதில்லை. நோயாளிக்கு வேண்டிய பணி, வாழும் இடத்தின் வெப்பமும் நெருக்கமும், குறிப்பிட்ட ஒரு நாயின் சுபாவம் ஆகிய மூன்றையும் இதே வரிசையில் பார்த்த பிறகே இனம் பேச்சுக்கு வரவேண்டும். இப்போது நடப்பது தலைகீழ்: முதலில் ஒரு குட்டி கண்ணுக்குப் பிடித்துப்போகிறது, பிறகு அதனிடம் பணி எதிர்பார்க்கப்படுகிறது.

மூன்று வகை நாய்களும் சட்டத்தின் மௌனமும்

நாயால் மனத்துக்கு நன்மை என்று சொல்லும்போது மூன்று வேறு ஏற்பாடுகள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. வீட்டில் வளரும் நாய் அருகில் இருப்பதாலேயே தரும் ஆறுதல் ஒன்று. அதற்குப் பயிற்சி தேவையில்லை. மருத்துவமனைக்கோ சிறப்புப் பள்ளிக்கோ தன் உரிமையாளரோடு சென்று பலரோடும் பழகும் சிகிச்சை நாய் இன்னொன்று. அமெரிக்க உளவியலாளர் போரிஸ் லெவின்சன் 1960களில் தன் நாய் ஜிங்கிள்ஸ் அறையில் இருந்தபோது பேசாத குழந்தை பேசத் தொடங்கியதைக் கவனித்து எழுதியதிலிருந்து இந்த வழக்கம் ஒரு துறையாக வளர்ந்தது. சென்னையில் ப்ளூ கிராஸ் அமைப்பு 'டாக்டர் டாக்' என்ற பெயரில் இதைச் செய்துகாட்டியிருக்கிறது. மூன்றாவது வகைதான் இங்கே பேசுபொருள்: ஒரே ஒருவரின் நோயோடு நேரடித் தொடர்புடைய குறிப்பிட்ட செயல்களுக்குப் பழக்கப்பட்ட மனநல உதவி நாய். பதற்றம் ஏறும்போது காலால் தட்டிக் கவனத்தைத் திருப்புவது, கொடுங்கனவிலிருந்து எழுப்புவது, மாத்திரை நேரத்து மணி அடித்ததும் ஆள் எழும்வரை விடாமல் நிற்பது, மடியிலோ மார்பிலோ படுத்து உடலுக்கு அழுத்தம் தருவது, அடுத்த அறையில் இருப்பவரை அழைத்துவருவது ஆகியவை அதன் வேலைகள்.

அமெரிக்காவில் 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்திய விதிகள் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டன. ஒருவரின் இயலாமைக்கு உதவும் செயலைச் செய்யத் தனியே பயிற்சி பெற்ற நாயே உதவி நாய். ஆறுதல் மட்டும் தரும் விலங்கு அந்த வரையறைக்குள் வராது. இனத்தின் பெயராலோ உருவத்தாலோ எந்த நாயையும் அவ்விதிகள் விலக்கவில்லை. 2020 டிசம்பரில் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை விமானப் பயணத்துக்கு வெளியிட்ட விதியும் மனநல உதவி நாயைப் பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்க்குச் சமமாக வைத்தது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளை ஏற்கிறது. மனநோயும் அவற்றுள் ஒன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சமூகத்துக்குள் வாழும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. இரண்டு சட்டங்களிலும் உதவி நாய்க்கு வரையறை கிடையாது. 2007இல் இந்தியா ஏற்புறுதி அளித்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நடமாட்டத்துக்கான கருவிகளோடு உயிருள்ள துணைகளையும் சேர்த்துப் பேசுகிறது. அதை நாய்க்கும் விரித்துப் பொருள் கொள்ளலாம் என்று வாதிடலாம். ஆனால் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் நடத்துநரிடம் காட்டுவதற்கு ஒரு தாளாக அது இன்னும் ஆகவில்லை. தொடர்வண்டியில் நாய் பயணம் செய்வதற்கான வழக்கமான வழி, முதல் வகுப்புக் குளிர்பெட்டியில் தனியறை முழுவதையும் எடுப்பது அல்லது கார்டு பெட்டியின் கூண்டில் நாயை ஏற்றுவது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் படுக்கை வகுப்பில் ஒருவரும் கார்டு பெட்டியில் அவருடைய நாயும் சென்னைக்குப் போவதில் உதவி என்பதே இல்லாமல் போகிறது. தெருநாய்கள் குறித்து 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பின் மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களில் நாய் நுழைவதைப் பற்றிய கண்காணிப்பு கூடியிருக்கிறது. அந்த ஆணை தெருநாய்களைப் பற்றியது. என்றாலும், அடையாளம் எதுவுமற்ற ஓர் உதவி நாயை வாயிற்காவலர் வேறு விதமாகப் பார்க்கக் காரணம் இல்லை.

இந்த மௌனத்துக்கு ஒரு நடைமுறை விளைவு உண்டு. மதுரையில் இன்று ஒருவர் உதவி நாயைப் பயிற்றுவித்தால், அது வேலை செய்யப்போகும் இடம் வீடும் தெருவும் மொட்டைமாடியும்தான். பொது இடத்தில் கூட்டத்தை மறித்து நிற்பது போன்ற, பெரிய உடல் வேண்டும் பணிகளுக்கு அங்கே வாய்ப்பு குறைவு. வீட்டுக்குள் செய்யும் பணிகளுக்கு ஆறேழு கிலோ எடை பெரும்பாலும் போதும். நாயின் அளவைப் பற்றிய என் வாதத்தின் முதல் தூண் இதுவே.

சான்றுகள் எவ்வளவு தூரம் போகின்றன

உதவி நாய்களைப் பற்றிய வலுவான ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்க முன்னாள் படைவீரர்களை வைத்து நடந்தவை. அந்நாட்டு முன்னாள் படைவீரர் நலத்துறை நடத்திய சோதனையில், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவடுக் கோளாறு உள்ள 227 பேர் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். அவர்களில் 181 பேர் நாய் பெற்றார்கள். ஒரு குழுவுக்குப் பயிற்சி பெற்ற உதவி நாய், மற்றதற்கு நல்ல நடத்தை உள்ள ஆறுதல் நாய். பதினெட்டு மாதங்களில் அன்றாட இயக்கத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் இரு குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நோயின் அறிகுறிகளை அளக்கும் அளவையில் உதவி நாய் பெற்றவர்கள் சிறிதளவு கூடுதலாகத் தேறினார்கள். தற்கொலை எண்ணமும் செயலும் தொடர்பான அளவிலும் அவர்களுக்கு ஓரளவு நன்மை தெரிந்தது. 2024இல் வெளியான இன்னொரு ஆய்வு 156 முன்னாள் படைவீரர்களைப் பார்த்தது. மூன்று மாத முடிவில் நாய் பெற்றவர்களின் நிலை, காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களின் நிலையைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தது. ஆனால் அங்கே குழுக்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. காத்திருப்பவரோடு ஒப்பிடும்போது எந்த உதவியும் சற்றுப் பெரிதாகவே தெரியும்.

இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது ஒரு செய்தி தெளிவாகிறது. நன்மையின் பெரும்பகுதி, நல்ல சுபாவமுள்ள ஒரு நாய் நாள் முழுதும் கூட இருப்பதிலிருந்தே வருகிறது. பயிற்சி அதன்மேல் ஒரு பயனுள்ள அடுக்கைச் சேர்க்கிறது. அந்தப் பெரும்பகுதி நாயின் எடையைப் பொறுத்தது என்று நினைக்க ஆதாரம் இல்லை. அதே சமயம் இந்த ஆய்வுகளில் இடம்பெற்றவை பெரும்பாலும் பெரிய நாய்கள். 'சிறிய நாய்களும் இதே அளவு பயன் தரும் என நிரூபிக்கப்பட்டது' என்று யாராவது சொன்னால் அதை ஏற்கக் கூடாது.

பதற்றத்தை நாயால் முன்கூட்டி உணரமுடியுமா என்பது தனிக் கேள்வி. பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட சோதனையில், கடினமான கணக்கு போடுவதற்கு முன்னும் பின்னும் 36 பேரிடமிருந்து மூச்சும் வியர்வையும் மாதிரிகளாக எடுக்கப்பட்டன. நான்கு வளர்ப்பு நாய்கள் அழுத்தத்தின்போது எடுத்த மாதிரியை 93.75 விழுக்காடு முறை சரியாகக் கண்டுகொண்டன. உடலின் அழுத்தத்துக்கு வாசனை உண்டு, அதை நாய் அறியும் என்பது இதனால் உறுதிப்படுகிறது. ஆய்வகத்தில் இரண்டு மாதிரிக்கு இடையே தேர்ந்தெடுப்பது வேறு. சாம்பார் கொதிக்கும் வீட்டில், சாம்பிராணிப் புகைக்கு நடுவே ஒருவரின் பதற்றத்தை முன்னறிவிப்பது வேறு. அந்த இடைவெளியைக் கடக்கப் பல மாதப் பயிற்சி வேண்டும்.

இனம் பற்றிய சான்றுதான் என் வாதத்துக்கு மிக முக்கியமானது. 2022இல் 'சயன்ஸ்' இதழில் வந்த மரபணு ஆய்வு, பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்கள் தந்த விடைகளையும் இரண்டாயிரத்துச் சொச்சம் நாய்களின் மரபணு வரிசையையும் ஒப்பிட்டது. தனித்தனி நாய்களுக்கிடையே நடத்தையில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனம் விளக்குகிறது என்று அது கண்டது. 'இந்த இனம் சாது, அந்த இனம் பதற்றக்காரன்' என்ற பேச்சுக்கு மரபணு தரும் ஆதரவு அவ்வளவுதான். மறுபக்கம், சிறிய நாய்கள் சராசரியில் அதிகம் குரைக்கின்றன, எளிதில் சீறுகின்றன என்று பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. 2010இல் வியன்னாவில் 1276 உரிமையாளர்களிடம் நடந்த ஆய்வு இதற்கான காரணத்தைத் தேடியது. சிறிய நாய் வைத்திருப்பவர்கள் சொல்லில் ஒழுங்கின்றி நடக்கிறார்கள், நாயோடு சேர்ந்து குறைவாகவே பழக்கமும் விளையாட்டும் செய்கிறார்கள் என்பது அதன் கண்டுபிடிப்பு. ஐந்து கிலோ நாய் விருந்தாளிமேல் தாவினால் வீடு சிரிக்கிறது; முப்பது கிலோ நாய் தாவினால் அன்றே பயிற்சி தொடங்குகிறது. சிறிய நாயின் குறை என்று நாம் எண்ணுவதில் பெரும்பங்கு வளர்ப்பின் குறை. அதைத் திருத்தமுடியும் என்பது நம்பிக்கை தரும் செய்தி.

மதுரையின் வெயிலும் வீடும்

ஏப்ரல், மே மாதங்களில் மதுரையில் வெப்பநிலை அடிக்கடி 40 பாகையைத் தொடுகிறது. தார்ச்சாலையின் மேற்பரப்பு அதைவிட 20 பாகைக்கு மேலும் சூடேறும். நாய்க்கு மனிதனைப் போல் உடலெங்கும் வியர்க்காது; நாக்கை நீட்டி இரைத்து, மூக்கின் ஈரமான உட்பரப்பின் வழியாகவே அது பெரும்பாலும் வெப்பத்தை வெளியேற்றுகிறது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வயிறு இருக்கும் நாய்க்குச் சாலையின் அனல் நேராக அடிக்கிறது. இது சிறிய நாய்க்கு எதிரான வாதம்தான், மறைக்கவேண்டியதில்லை. ஆனால் சிறிய நாயைக் கையில் தூக்கலாம், அதன் நடைத் தேவையும் குறைவு. காலை ஆறரைக்கு முன்பும் மாலை இருட்டிய பிறகும் சிறிது தூரம் நடந்தால் மீதியை மொட்டைமாடியில் முடித்துக்கொள்ளலாம்.

இங்கே நாயை விட்டு நோயாளியின் உடலையும் பார்க்கவேண்டும்; நாய் தேர்வைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது. மனச்சிதைவுக்குத் தரப்படும் மருந்துகளும், அவற்றின் பக்கவிளைவுக்காகச் சேர்த்துத் தரப்படும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் போன்றவையும் உடல் வெப்பத்தைச் சமாளிக்கும் திறனைக் குறைக்கக்கூடியவை. இருதுருவக் கோளாறுக்கான லித்தியம் எடுப்பவர் நீர்ச்சத்து இழந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தான எல்லைக்கு உயரலாம். இரவு மருந்தின் மயக்கம் காலையிலும் தொடர்வது பலருக்கு அன்றாடம். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேர ஓட்டமும் நடையும் கேட்கும் நாயை இப்படிப்பட்டவரிடம் ஒப்படைத்து மதுரை வெயிலில் அனுப்புவது இருவருக்கும் தீங்கு. மருத்துவர் மருந்துச் சீட்டைப் பார்த்தே நாயின் நடைத் தேவைக்கு ஒரு மேல் எல்லை சொல்லமுடியும், சொல்லவேண்டும்.

அடுத்தது வீடு. செல்லூரிலும் ஆரப்பாளையத்திலும் ஒட்டி ஒட்டி நிற்கும் வரிசை வீடுகள், கே.கே. நகரிலும் அண்ணா நகரிலும் பெருகிவரும் அடுக்ககங்கள், வாடகை வீட்டில் நாய் என்றதும் முகம் மாறும் வீட்டுக்காரர்கள் ஆகியவை இந்நகரத்தின் நடைமுறை. இந்திய விலங்குநல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குடியிருப்போர் சங்கங்கள் நாயின் இனத்தையோ அளவையோ காட்டி வளர்ப்பைத் தடுக்கக் கூடாது என்கிறது. அது காகிதத்தில் இருக்கிறது. அக்கம்பக்கத்தாரின் அச்சம் படிக்கட்டில் இருக்கிறது. வெறிநாய்க்கடியால் உலகில் நேரும் இறப்புகளில் ஏறத்தாழ 36 விழுக்காடு இந்தியாவில் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கும் நாட்டில் அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளமுடியாது. தடுப்பூசிச் சான்றோடு, கழுத்துப்பட்டையோடு, மடியில் அமர்ந்திருக்கும் ஆறு கிலோ நாய் அந்த அச்சத்தைக் குறைந்த அளவே தூண்டுகிறது. ஏற்கெனவே 'பைத்தியம்' என்ற வசையைச் சுமக்கும் குடும்பத்துக்கு, அண்டை வீட்டாரோடு இன்னொரு சண்டை இல்லாமல் போவது சிறிய லாபம் அல்ல.

மூன்றாவது, குடும்பம். நம் நாட்டில் கடும் மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். உதவி நாய் பற்றிய அமெரிக்கக் கருத்து, ஒருவர் ஒரு நாய் என்ற இணையை மையமாகக் கொண்டது. இங்கே அம்மாவும் அக்காவும் பாட்டியும் நாய்க்குச் சோறு வைப்பார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பலர் சொல்லுக்கும் ஆடும் நாய் யாருக்கும் பணி செய்யாது என்ற எச்சரிக்கை நியாயமானது. உணவும் கட்டளையும் முடிந்தவரை நோயாளியின் கையிலிருந்தே வரவேண்டும். ஆனால் குடும்பம் இருப்பதால் அமெரிக்கக் கையேடுகளில் பின்னால் வரும் ஒரு பணி இங்கே முன்னுக்கு வருகிறது. மாடி அறையில் ஒருவருக்குப் பதற்றமோ தன்னைக் காயப்படுத்தும் உந்துதலோ எழும்போது, நாய் இறங்கிப் போய் அடுப்படியில் இருப்பவரின் சேலையைப் பிடித்து இழுப்பதுதான் அந்தப் பணி. இதற்கு எடை வேண்டாம். படி ஏறி இறங்கும் கால்கள், தயக்கமில்லாத சுபாவம், சில மாதப் பயிற்சி போதும். பொது இட அனுமதிச் சட்டத்துக்காக இந்தப் பணி காத்திருக்கவும் வேண்டாம்.

எந்தச் சிறிய நாய்

தென்பாண்டிச் சமவெளிக்கென்று நாய்ச் செல்வம் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நான்கும் மதுரையிலிருந்து சில மணி நேரப் பயணத்துக்குள் உருவானவை. 2005இல் அஞ்சல்துறை ராஜபாளையத்துக்குத் தபால்தலை வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் இவற்றின் பெயர்களைச் சொன்னார். எனவே நாட்டு இனத்தையே உதவி நாயாக்கலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு; அந்தக் கேள்வியின் பின்னுள்ள பற்றையும் நான் மதிக்கிறேன். ஆயினும் இவை வேட்டைக்கும் காவலுக்கும் பல தலைமுறை தேர்ந்தெடுக்கப்பட்டவை. அயலாரைச் சந்தேகிப்பது, ஓடுவதைத் துரத்துவது, தானே முடிவெடுப்பது ஆகியவை அங்கே சிறப்புகள். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் உள்ள பல்லவர் கால நடுகல், தன் தலைவன் இறந்த பின்னும் கள்வர் இருவரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாயைப் பெயர் சொல்லிப் போற்றுகிறது. தமிழ்ச் சமூகம் நாயிடம் மதித்த குணம் அது. மனநல உதவி நாயிடம் கேட்பது நேர் எதிரான குணம்: அறிமுகமற்றவர் கதவைத் தட்டினாலும், உறவினர் பத்துப்பேர் நுழைந்தாலும் அது தன் ஆளின் மூச்சையே கவனிக்கவேண்டும். மேலும் இந்த நான்கில் எதுவும் சிறிய நாய் அல்ல. தனிநாய் ஒன்று இதற்கு விதிவிலக்காக இருக்கலாம்; இனத்தை நம்பித் தொடங்கக் கூடாது.

மதுரையில் சிறிய நாய் என்று கிடைப்பவை வேறு. பல வீடுகளில் பொமரேனியன் என்று வளர்வது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். பிரிட்டிஷ் காலத்தில் வந்த ஐரோப்பிய ஸ்பிட்ஸ் வழியில் இந்நாட்டு வெப்பத்துக்குள் தலைமுறைகளாகப் பழகிய நாய் அது. சிறுவகை ஐந்திலிருந்து ஏழு கிலோ இருக்கும். நீண்ட மூக்கு, கூர்மையான கவனம், கற்றுக்கொள்ளும் வேகம் ஆகியவை அதன் வலிமை. சத்தம் கேட்டால் குரைப்பது அதன் பெரிய பலவீனம். கல்யாணத்துக்கும் இறுதி ஊர்வலத்துக்கும் வெடி வெடிக்கும், ஒலிபெருக்கி நாள்கணக்கில் அலறும் ஊரில் இது சாதாரணக் குறை அல்ல. வெடிச்சத்தத்தில் கட்டிலுக்கடியில் ஒளியும் நாய், அதே சத்தத்தில் நடுங்கும் மனிதருக்கு உதவமுடியாது. குட்டியாக இருக்கும்போது இதை ஊகிப்பது கடினம். ஒன்றரை, இரண்டு வயதான நாயை நேரில் பார்த்தால் தெரிந்துவிடும்.

பக், ஷிட்சு, பிரெஞ்சு புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களை இந்தச் சமவெளியில் உதவி நாயாகத் தேர்ந்தெடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பக் சாதுவானது, மடியில் கிடக்கும், குறைவாகக் குரைக்கும். பணிக்கான சுபாவம் அதனிடம் நிறையவே உண்டு. 2003இல் ஒரு கைப்பேசி நிறுவன விளம்பரத்தில் தோன்றிய பிறகு அது நாடெங்கும் பரவியது. ஆனால் குறுகிய மூக்கும் நெருக்கமான மூச்சுக்குழலும் வெப்பத்தை வெளியேற்றும் முக்கிய வழியை அடைத்து வைத்திருக்கின்றன. பிரிட்டனில் ஐந்தே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் தரவைக் கொண்டு 2024இல் வெளியான ஆய்வில், நீண்ட மூக்குள்ள சிறிய பெண் நாய்களின் இடைநிலை ஆயுள் 13.3 ஆண்டு, தட்டை மூக்குள்ள நடுத்தர ஆண் நாய்களுக்கு 9.1 ஆண்டு. அது பிரிட்டனின் குளிரில். தமிழக அரசு 2024இல் அறிவித்த நாய் இனப்பெருக்கக் கொள்கையும் இந்தத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பக், பிரெஞ்சு புல்டாக் உள்ளிட்ட சில இனங்களைப் பட்டியலிட்டது. அந்தக் கொள்கை நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது என்பது வேறு விஷயம். நோயாளியின் நோக்கிலும் இது முக்கியம். மனச்சோர்வில் இருப்பவர் தான் நம்பிய நாய் மே மாதப் பிற்பகலில் மூச்சுத் திணறிச் சாவதைப் பார்க்க நேர்ந்தால், உதவி என்று தொடங்கிய ஏற்பாடே புதிய காயமாகிவிடும்.

டாக்ஸண்டின் நீண்ட முதுகுத்தண்டு செங்குத்தான மாடிப்படிகளைத் தாங்காது. மூன்று கிலோவுக்கும் குறைந்த பொம்மை இனங்களுக்கு எலும்பும் பல்லும் முழங்காலும் பலவீனம். யாராவது தவறி மிதித்தாலே முறியும். பட்டியலில் யாரும் சேர்க்காத ஒன்றை நான் சேர்க்க விரும்புகிறேன்: பத்துப் பன்னிரண்டு கிலோவுக்குள் நிற்கும், கருத்தடை செய்யப்பட்ட, மனிதரோடு பழகி வளர்ந்த நாட்டு நாய். அது இந்த வெயிலுக்கே பிறந்தது, நீண்ட மூக்குடையது, விலை கொடுக்கவேண்டியதில்லை. இனம் ஒன்பது விழுக்காடுதான் பேசுகிறது என்றால் இனமற்ற நாயை வாசலிலேயே நிறுத்தக் காரணம் இல்லை. அச்சம் மிகுந்த தெருவாழ்க்கையின் வடு அதனிடம் இருக்கிறதா என்பதைப் பொறுமையாகப் பார்க்கவேண்டும், அவ்வளவே.

மறுப்புகள்

முதல் மறுப்பு மிகக் கனமானது. 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகவும், நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்றும் கண்டது. நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்ட மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிய நினைவு இந்தப் பகுதியை விட்டு அகலவில்லை. மருந்தே எட்டாத இடத்தில் நாயைப் பற்றி எழுதுவதா என்று கேட்பவரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. என் பதில் இது: நாய் சிகிச்சைக்கு மாற்று என்று சொல்பவரை நானும் எதிர்க்கிறேன். ஆனால் இராசாசி அரசு மருத்துவமனையிலோ, 1992 முதல் மதுரையில் இயங்கிவரும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையிலோ சிகிச்சை பெற்று வீடு திரும்பியவரின் அடுத்த பத்து ஆண்டுகள் எப்படிக் கழியும் என்பதும் மருத்துவக் கேள்விதான். மருந்தைத் தவறாமல் எடுக்கவும், காலையில் எழவும், வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கவும் ஒரு காரணம் வேண்டும். சிறிய நாயின் செலவு, ஒரு குடும்பம் ஏற்கெனவே சமைப்பதில் ஒரு பங்கும் தடுப்பூசியும் உண்ணி மருந்தும். பெரிய வெளிநாட்டு நாயின் செலவு அப்படியல்ல. வசதியுள்ளோரின் ஆடம்பரமாக இது நின்றுவிடாதிருக்க வேண்டுமென்றால் அளவு சிறியதாக இருப்பதே வழி.

இரண்டாவது மறுப்பு தெருநாய்களைப் பற்றியது. இரவில் தெருமுனையில் நிற்கும் கூட்டம் ஆறு கிலோ நாயைக் குதறிவிடும். ஒருமுறை தாக்கப்பட்ட நாய் மற்ற நாய்களைக் கண்டாலே நடுங்கி, பணிக்கு உதவாமல் போகலாம். இது உண்மை. தூக்கிக்கொள்ளமுடிவது ஓரளவு பாதுகாப்பு, முழுப் பாதுகாப்பு அல்ல. கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முறையாக நடக்கும் தெருவில்தான் உதவி நாய் நிம்மதியாக நடக்கும். ஆகவே மாநகராட்சியின் நாய்க் கருத்தடைப் பணி மனநல நோயாளிகளுக்கும் நேரடித் தொடர்புடையது.

கூட்டத்தில் இடைவெளி உண்டாக்கவும் தடுமாறும் உடலைத் தாங்கவும் சிறிய நாயால் முடியாது என்பது மூன்றாவது. ஒப்புக்கொள்கிறேன். மருந்தால் நடை தள்ளாடுபவருக்கும், உடலெங்கும் கனமான அழுத்தம் இருந்தால்தான் அமைதி பெறுபவருக்கும் சிறிய நாய் தவறான தேர்வு. அவர்களுக்குப் பெரிய நாயோ, நாயல்லாத வேறு ஏற்பாடோ வேண்டும்.

நாய் நுழைந்தால் வீட்டின் தூய்மை கெடும் என்ற எண்ணம் நம் சமயங்கள் பலவற்றிலும் வேர்கொண்டது. பூசையறையை விலக்கியும், தொழுகைக்கு முன் உடை மாற்றியும் நாயோடு வாழும் குடும்பங்கள் இந்நகரில் இருக்கின்றன. ஆனால் வீட்டில் ஒருவராவது மனதார மறுத்தால் நாயைக் கொண்டுவரக் கூடாது. நோயாளிமேல் இருக்கும் எரிச்சலெல்லாம் நாய்மேல் திரும்பும், பிறகு நாயின் வழியாக மீண்டும் நோயாளிமேல் விழும்.

தேர்வு யார் கையில்

இதுவரை சொன்னவற்றிலிருந்து தேர்வின் முறை தானே உருவாகிறது. மனநல மருத்துவரும் சமூகப் பணியாளரும் நோயாளியோடு உட்கார்ந்து, இரண்டு அல்லது மூன்று பணிகளைப் பெயர் சொல்லி எழுதவேண்டும். பணியே எழுத முடியவில்லை என்றால் அவருக்கு வேண்டியது அன்பான வளர்ப்பு நாய். அதில் குறைவொன்றும் இல்லை. நாயைத் தன் ஐயங்களுக்குள் இழுத்துக்கொள்ளும் அளவு நோய் தீவிரமாக இருக்கும் காலத்தில் தேர்வைத் தள்ளிப்போடவேண்டும். பிறகு கால்நடை மருத்துவர் ஒன்றரை வயது தாண்டிய, நீண்ட மூக்குள்ள சில நாய்களைப் பார்த்து முழங்கால், இதயம், பல், உண்ணிக்காய்ச்சல் ஆகியவற்றைச் சோதிக்கவேண்டும். வெடிச்சத்தப் பதிவு, கீழே விழும் எவர்சில்வர் தட்டு, திடீரென அழும் ஒருவர், தொட முயலும் குழந்தை ஆகிய நான்கையும் நாய் எப்படி எதிர்கொள்கிறது என்பதை வேறுவேறு நாள்களில் பார்க்கலாம். திடுக்கிடுவது குற்றமல்ல, திடுக்கிட்ட பின் எவ்வளவு விரைவில் தன்னிலைக்குத் திரும்பி மனிதரின் முகத்தைத் தேடுகிறது என்பதே அளவுகோல். தேனியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; மதுரையில் 1954 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டு துறையினரும் சேர்ந்து பத்து நாய்களையும் பத்துக் குடும்பங்களையும் ஓராண்டு பின்தொடர்ந்து, பயனையும் தோல்வியையும் ஒளிக்காமல் எழுதினாலே இந்தியச் சூழலில் சிறிய உதவி நாய் பற்றிய கணிசமான சான்று அதுவாக இருக்கும்.

தோல்வியையும் திட்டத்துக்குள்ளேயே வைக்கவேண்டும். பல தலைமுறை தேர்வோடு வழிகாட்டி நாய்களை வளர்க்கும் வெளிநாட்டு நிறுவனங்களிலேயே ஏறத்தாழ பாதி நாய்கள் பணிக்குத் தேறுவதில்லை. இங்கே வீட்டில் பயிற்றுவிக்கும் நாய்களில் அதைவிட அதிகம் தேறும் என்று எதிர்பார்க்கக் காரணம் இல்லை. ஆறு மாதப் பயிற்சிக்குப் பின்னும் ஒரு நாய் பணியை விரும்பவில்லை என்றால், இரைப்பது, கொட்டாவி விடுவது, முகம் திருப்புவது என்று அது தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருந்தால், கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு அதே வீட்டில் அதை வெறும் நாயாக வாழவிடும் ஒப்பந்தம் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கவேண்டும். பணி முடிந்த நாயைத் தெருவில் விடுவதோ யாருக்கோ கொடுப்பதோ கூடாது என்ற உறுதிமொழியில் குடும்பத்தார் அனைவரும் கையெழுத்திட்ட பிறகே முதல் நாய் அந்த வீட்டின் படியேறவேண்டும்.